வழிமொழிய ஆள் உண்டா?

பார்வதிக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தைதான்: "செகண்டட்." அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டே உத்திரமேரூரில் கால் நூற்றாண்டு குடித்தனம் நடத்திவிட்டாள். எம்.ஏ. படித்தவர்கள்கூட இங்கிலீஷை இவ்வளவு சிக்கனமாகவும் இவ்வளவு லாபமாகவும் உபயோகித்திருக்க மாட்டார்கள்.

வாய்த்த புருஷன் அப்படி. துரைராஜ் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிக் குடும்பத்தில் பிறந்தும் தறியில் உட்காராமல் மேசையில் உட்கார்ந்தவர். சர்க்கார் உத்தியோகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் காலத்தில் ஒரே ஒரு தடவை, யாரோ ஒரு பெரிய அதிகாரி இவர் எழுதிய குறிப்பின் ஓரத்தில் பச்சை மையால் "குட்" என்று கிறுக்கிவிட்டார். அப்படி என்னதான் எழுதினோம் என்று துரைராஜ் திரும்பிப் பார்த்தார். "இட் இஸ் ரெக்வெஸ்டெட் தட் த ஃபேன் பி ரிப்பேர்டு." மின்விசிறி பழுது பார்க்கப்படுவதாக. அந்த ஃபேன் கடைசிவரை ஓடவில்லை என்பது வேறு விஷயம். 'இஸ்' போடாமல், 'மஸ்ட்' போடாமல், மொட்டையாக ஒரு 'பி' போட்டதால்தான் அந்த 'குட்' கிடைத்தது என்று அவர் முடிவு கட்டினார். அதற்கு சப்ஜங்க்டிவ் மூட் என்று பெயர் என்பதைத் தேடிப் பிடித்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. அவருக்கு இல்லை, பார்வதிக்கு.

"ஆர்டர் போடறது மாட்டுக்கு. மனுசனுக்கு சப்ஜங்க்டிவ்." இதுதான் அவர் கொள்கை. காபி கொண்டா என்று செத்தாலும் சொல்ல மாட்டார். ஈசிசேரில் சாய்ந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஐ மூவ் தட் காபி பி ப்ராட்" என்பார். காபி கொண்டுவரப்படுவதாக. யார் கொண்டுவருவது என்று அதில் ஒரு வார்த்தை இராது. உத்தரத்துப் பல்லியா இறங்கி வந்து கொண்டுவரும்? பார்வதி அடுப்படியில் இருந்தபடியே "செகண்டட்", அதாவது வழிமொழிகிறேன், என்று குரல் கொடுப்பாள். தீர்மானம் நிறைவேறிவிடும். அப்புறம் அவளே டம்ளரை எடுத்துக்கொண்டு வருவாள்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்வதிக்காகப் பரிதாபப்பட்டார்கள். அவள் பட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் ஒரு ரகசியம் இருந்தது. வழிமொழிய ஆள் இல்லாத தீர்மானம் செல்லாது. துரைராஜுக்குக் கூட்ட நடைமுறை மேல் இருந்த பக்தி சாமி மேல்கூடக் கிடையாது. ஒரு சமயம் அவருடைய தங்கை புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு மூட்டை முடிச்சோடு வந்து நின்றாள். மழைக்காலம் முழுக்க அவள் இங்கேயே தங்குவதாக என்று துரைராஜ் முன்மொழிந்தார். பார்வதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் கேட்டார். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு, "மோஷன் லாப்ஸ் ஆயிடிச்சிம்மா, நான் இன்னா பண்றது" என்று தங்கையிடம் கையை விரித்துவிட்டார். தங்கை மறுநாள் காலை பஸ்ஸில் செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போய்ப் புருஷனோடு ராசியாகிவிட்டாள்.

ஆக, வாயைத் திறந்தால் காரியம் நடக்கும், மூடினால் நின்றுவிடும். இப்படிப்பட்ட அதிகாரம் எந்த வீட்டுப் பொம்பிளைக்குக் கிடைக்கும்? பார்வதி சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு துரைராஜுக்கு வீடு மட்டும் போதவில்லை. நகர நலச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். உத்திரமேரூர்க்காரருக்குக் கூட்டம் போடச் சொல்லித்தரவா வேண்டும்? கோவில் சுவர் முழுக்க ஆயிரம் வருஷத்துச் சபை விதிகளைச் செதுக்கி வைத்திருக்கிற ஊர். "அந்தக் கல்லு தச்சன் மட்டும் அன்னிக்கி ஒடம்பு முடியாம வூட்ல படுத்துக்கினு இருந்திருந்தா நான் பொயச்சிருப்பேன்" என்பாள் பார்வதி.

சங்கத்தில் சேர்ந்தவர்கள் நிறைய, நிலைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்த வேதகிரி. இன்னொருவர் பஜாரில் தையல் கடை வைத்திருந்த முனிரத்தினம். வேதகிரி எதையும் ஆட்சேபிப்பார். ஆட்சேபிக்காவிட்டால் சங்கத்துக்கு மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். முனிரத்தினம் வேதகிரி எது சொன்னாலும் வழிமொழிவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்வதியின் பூஜை மணியை எடுத்துவந்து கூடத்து மேசையில் வைத்துக்கொண்டு துரைராஜ் தலைமை வகிப்பார். தெருவிளக்கு எரிவதாக. ஏரி தூர் வாரப்படுவதாக. நாய்கள் கட்டுப்படுத்தப்படுவதாக. யார் எரிய வைப்பது, யார் வாருவது என்று எந்தத் தீர்மானத்திலும் இராது. கேட்டால், "அது சப்ஜங்க்டிவ், அப்படித்தான் இருக்கும், அதுதான் மரியாதை" என்பார். நாய்கள் அந்த மரியாதை புரியாமல் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தன. வேதகிரி ஆட்சேபித்தால் விஷயம் சப்-கமிட்டிக்குப் போகும். சப்-கமிட்டிக்குப் போன எதுவும் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து பார்வதி பார்த்ததில்லை. தெருவிளக்கு சப்-கமிட்டியின் தலைவர் காலமாகி, வருஷாப்திகமும் முடிந்து, இன்னும் அவர் அறிக்கையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் கூத்து என்று பார்வதி விட்டிருப்பாள். ஆனால் வீட்டில் கோமளவல்லி இருந்தாள்.

கோமளவல்லி ஒரே பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, பஜார் தெரு இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். லட்சணமான பெண். அவளோடு படித்தவர்கள் எல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. இவளுக்கு மட்டும் வந்த வரன் எல்லாம் வாசலோடு திரும்பிப் போயிற்று. முதல் மாப்பிள்ளையை துரைராஜ், "தம்பி, நீங்க கலெக்டரா இருந்தா இன்னா செய்வீங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்று கேட்டார். பையன் "இஃப் ஐ வாஸ்" என்று ஆரம்பித்தான். சப்ஜங்க்டிவில் 'வாஸ்' வராது, 'வேர்' போடத் தெரியாதவனுக்கா என் பெண் என்று அங்கேயே முடித்துவிட்டார். இரண்டாவது வந்தவர்கள், பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு பெண் அழைக்கப்படுவதாக என்று இங்கிலீஷில் முனகியதைக் கேட்டு, பெரியவர் மேல் ஏதோ வந்து இறங்கியிருக்கிறது என்று பயந்து பஸ் ஏறிவிட்டார்கள். மூன்றாவது சம்பந்தம் சப்-கமிட்டியில் இருந்தது.

பார்வதி படுக்கப் போகும்போதெல்லாம் மகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். வாயைத் திறந்தும் பார்த்தாள், மூடியும் பார்த்தாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அதிகாரம் பலிக்கவில்லை.

அப்போதுதான் ஜெகநாதன் வந்தான். மானாம்பதியில் ரைஸ் மில் வைத்திருக்கிற லோகநாதனின் மகன். கோமளவல்லியிடம் டைப்ரைட்டிங் படிக்கச் சேர்ந்தான். மற்றவர்கள் எல்லாம் லோயர் பரீட்சை எழுதிப் போய்விட்டார்கள். இவன் மட்டும் முதல் பாடத்தையே அடித்துக்கொண்டிருந்தான். கண் தாளில் இருந்தால்தானே? டீச்சர் முகத்தில் இருந்தது. கோமளவல்லியும் அவனை அடுத்த பாடத்துக்கு அனுப்ப அவசரப்படவில்லை. விஷயம் பார்வதியின் காதுக்கு வந்தது. துரைராஜ் காஞ்சிபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து லோகநாதனை வரவழைத்து, ஜாதகம் பார்த்து, பெண்ணைக் காட்டி, எல்லாவற்றையும் பேசி முடித்தாள். ஊரிலிருந்து திரும்பிய துரைராஜ் முறைத்தார். அவள், "வூட்ல கோரம் இல்லாதப்ப அவசரமா முடிவு பண்ண வேண்டியதாப் பூட்ச்சி" என்றாள். கோரம் என்றால் கூட்டத்துக்குக் குறைந்தது இருக்க வேண்டிய ஆள் கணக்கு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. சங்கத்துக் கூட்டத்தில் காதில் விழுந்த வார்த்தை. அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

ஆனால் நிச்சயதார்த்தம் மட்டும் முறைப்படி, சங்கத்தின் விசேஷக் கூட்டமாக, ஞாயிற்றுக்கிழமைதான் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பார்வதி அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பயந்தாள். ஏனென்றால் லோகநாதன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அவள் பார்த்திருந்தாள்.

லோகநாதன் நல்ல மனுஷன். மனசில் ஒன்றும் கிடையாது. முப்பது வருஷம் மில் இரைச்சலில் கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும். பேசுவதெல்லாம் ஆர்டர்தான். மூட்டைய எறக்கு! பெல்ட்ட மாட்டு! தள்ளி நில்லு! கோவிலில் சாமியிடம்கூட, "நல்லா வை!" என்றுதான் சொல்வாராம். தவிர, ராகு காலம் என்றால் நடுங்குவார். ஒரு முறை ராகு காலத்தில் மெஷினை ஓட்டி பெல்ட் அறுந்து, பறந்து வந்த துண்டு அவர் மீசையில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்தணும். மாத்தலன்னா வந்த வண்டிய திருப்பிக்கினு போய்க்கினே இருப்பேன், அப்பறம் இந்த சம்பந்தம் வோணாம். சொல்லிட்டேன்" என்று பார்வதியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மானாம்பதியிலிருந்து டிராக்டர் வண்டியில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. ஒரு பக்கம் பூ, பழம், வெற்றிலை பாக்கு, பட்டுப்புடவை வைத்த தட்டுகள். மறுபக்கம் மேசை, நாற்காலி, பூஜை மணி. துரைராஜ் கோட்டு போட்டிருந்தார். அந்த வெயிலில் அவரைப் பார்க்கிறவர்களுக்கே வேர்த்தது.

லோகநாதன் உட்கார்ந்த உடனே, "பொண்ண கூப்டு!" என்றார்.

துரைராஜ் மணியை அடித்தார். "ஆர்டர், ஆர்டர்."

"ஆர்டர்தான் போட்டுக்கினு கீறேன். பொண்ண கூப்டு!"

"சம்பந்தி, கூட்டம் இன்னும் தொடங்கல. மொதல்ல போன கூட்டத்து நடவடிக்கைகள உறுதி செய்யணும்."

போன கூட்டத்து நடவடிக்கை நாய்களைப் பற்றியது. அதைப் படித்து முடித்தார். அடுத்தது தெருவிளக்கு. காலமான தலைவருக்கு இன்னொரு நினைவூட்டல் அனுப்பப்படுவதாக என்று வேதகிரி முன்மொழிந்தார். முனிரத்தினம் வழிமொழிந்தார். சம்பந்தி வீட்டு ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லோகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பெண்சாதி, இந்த ஊரில் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் நாய்க்குச் சடங்கு செய்வது வழக்கம் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

பார்வதி அடுப்படி வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். கோமளவல்லி உள்ளே பட்டுப்புடவையில், கண்ணில் நீர் முட்ட நின்றாள். "அம்மா, இதுவும் பூட்ச்சின்னா நான் இனிமே யாரு மூஞ்சிலயும் முயிக்க மாட்டேன். இன்ஸ்டிடியூட்லயே ஒரு ஓரமா பாய் போட்டுக்கினு படுத்துக்குவேன்" என்றாள்.

"வாய கயுவு. அப்டிலாம் ஆவாது" என்றாள் பார்வதி. அவள் குரலிலும் தெம்பு இல்லை.

ஒருவழியாகக் கல்யாண விஷயம் வந்தது. தலைவரின் விசேஷ அனுமதியோடு முன்மொழிய மாப்பிள்ளை எழுந்து நின்றான். ஜெகநாதனுக்கு கோமளவல்லி ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்த வாசகம். தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஐ மூவ் தட்..." என்றான். நின்றான். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. உள்ளே கோமளவல்லி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். "ஐ மூவ் தட் கோமளவல்லி பி கிவன் டு மி இன் மேரேஜ்."

துரைராஜுக்குப் புல்லரித்துவிட்டது. அந்த 'பி' விழுந்த இடம் அப்படி. மேசையை ஒரு தட்டு தட்டி, "குட்!" என்றார். அவர் வாழ்க்கையில் இன்னொருவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

"இன்னா சொன்னான்?" என்றார் லோகநாதன். மகன் இங்கிலீஷ் பேசியதில் அவருக்கும் உள்ளூரப் பெருமை. "சரி, கேட்டுட்டான் இல்ல? தட்ட மாத்து!"

"வழிமொழியணும் சம்பந்தி. செகண்டர் வேணும்" என்றார் துரைராஜ்.

முனிரத்தினம் வாயைத் திறப்பதற்குள் வேதகிரி எழுந்துவிட்டார். அவருக்கு இந்தக் கல்யாணத்தின் மேல் ஒரு விரோதமும் கிடையாது. கோமளவல்லிக்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் குடம்கூட வாங்கி வைத்திருந்தார். ஆனாலும் பழக்கம் யாரை விட்டது? "மிஸ்டர் சேர்மன், அவசரப்பட்டு நிறைவேற்ற இது நாய் விஷயம் இல்ல. இந்தப் பிரேரணை ஒரு சப்-கமிட்டிக்கு அனுப்பப்படுவதாக என்று நான் ஒரு திருத்தம் கொண்டுவரேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாடி சொல்றாரு டிராயிங் வாத்தியாரு?" என்றாள் பார்வதி.

கோமளவல்லி அழுதேவிட்டாள். "கல்யாணத்த சப்-கமிட்டிக்கு அனுப்பணுமாம்."

பார்வதிக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. வேதகிரி முன்மொழிந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முனிரத்தினம் ஏற்கெனவே முழங்காலில் கை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். துரைராஜ், "திருத்தத்துக்கு செகண்டர் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சீர் வரிசைக்காக அடுக்கி வைத்திருந்த பலகாரத் தூக்கில் பொருள்விளங்காய் உருண்டை இருந்தது. வெல்லப்பாகில் பிடித்து, ஒரு வாரம் ஆறி, சுத்தியலுக்குச் சவால் விடுகிற பதத்தில் இருந்தது. தூக்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் பாய்ந்தாள்.

"அண்ணே, மொதல்ல இனிப்பு எடுத்துக்கோங்க!" என்று ஒரு முழு உருண்டையை முனிரத்தினத்தின் திறந்த வாயில் வைத்துத் தள்ளினாள். அவர் "செ" வரைக்கும்தான் வந்திருந்தார். மிச்சம் உருண்டைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

"துப்பிடாதீங்கண்ணே! நல்ல காரியத்துல பொண்ண பெத்தவ ஊட்டினத துப்பினா பொண்ணுக்கு ஆவாது."

அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. முனிரத்தினமும் பெண்ணைப் பெற்றவர். பாவம், அவர் எப்படித் துப்புவார்? கன்னம் ஒரு பக்கமாகப் புடைக்க, கடவாயில் ஒதுக்கிக் கடித்துப் பார்த்தார். உருண்டை அசையவில்லை. துரைராஜ் இரண்டாம் தரம் கேட்டார். முனிரத்தினம் "ம்ம்" என்றார். அதை நடவடிக்கையில் எழுத முடியாது. மூன்றாம் தரம் கேட்டார். முனிரத்தினத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது, வார்த்தை வரவில்லை.

"திருத்தம் லாப்ஸ் ஆகிறது" என்றார் துரைராஜ்.

பார்வதி அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பயந்தவளுக்குக் கை நிற்குமா? வேதகிரி இன்னொரு திருத்தத்தோடு எழுந்தால்? அவர் வாயிலும் ஒன்று. அடுத்த வீட்டுக்காரர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார், முகம் சரியில்லை, அவர் வாயிலும் ஒன்று. கூடத்தில் கரமுரவென்று சத்தம் கிளம்பியது. மானாம்பதி மில்லில் இருப்பதுபோல் இருந்ததோ என்னவோ, லோகநாதன் இன்னும் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

"மணி ஆவுது! மாத்து!"

"ஒரு நிமிஷம் சம்பந்தி. மூலத் தீர்மானத்துக்கு செகண்டர் உண்டா?" என்றார் துரைராஜ்.

பார்வதிக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கத்தில் வழிமொழியத் தகுதி உள்ளவர்கள் இரண்டே பேர். இரண்டு பேர் வாயையும் அவளே அடைத்துவைத்திருந்தாள். தலைவர் வழிமொழியக் கூடாது. மாப்பிள்ளை தன்னைத்தானே வழிமொழிய முடியாது. முனிரத்தினம் மனசு கேட்காமல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார், தலையை ஆட்டினார், நெஞ்சில் தட்டிக் காட்டினார். துரைராஜ் வருத்தத்தோடு, "வாயால சொல்லணும்" என்றார்.

"செகண்டர் உண்டா? இரண்டாம் தரம்."

லோகநாதன் எழுந்துவிட்டார். தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "நாலரை ஆவப் போவுது. எய்ந்திரு! எல்லாம் எய்ந்திரு! தட்ட எடு! வண்டிய ஸ்டார்ட் பண்ணு!" ஜெகநாதன், "நைனா, ஒரு நிமிசம் இரு நைனா" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினான். வெளியில் டிராக்டர் உறுமத் தொடங்கியது. உள்ளே கோமளவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மூன்றாம் தரம். செகண்டர் உண்டா?"

"செகண்டட்!"

எல்லோரும் திரும்பினார்கள். கையில் காலித் தூக்கோடு பார்வதி மேசைக்கு எதிரில் நின்றாள். புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது.

துரைராஜ் மணியை மெதுவாக அடித்தார். "பார்வதி, நீ மெம்பர் இல்ல. மெம்பர் இல்லாதவங்க வழிமொழிஞ்சா செல்லாது."

"செல்லாதா?"

"செல்லாது. ரூல்."

பார்வதி தூக்கைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்ப இருபத்தஞ்சு வருசமா நான் சொன்னது எதுவும் செல்லாதா? இந்த வூடு கட்டணும்னு நீங்க சொன்னப்ப யாரு செகண்டட் சொன்னது? கொயந்தைக்கு கோமளவல்லின்னு பேரு வெக்கணும்னப்ப யாரு சொன்னது? உங்க தங்கச்சி வந்து நின்னப்ப நான் சும்மா இருந்தேன், லாப்ஸ்னு சொல்லி அனுப்ச்சீங்களே, அதுவும் செல்லாதா? அப்ப போய் கூட்டிக்கினு வாங்க அவுங்கள. வூட்ட இடிங்க. பொண்ணுக்கு வேற பேரு வைங்க. நீங்க குட்ச்ச காபிக்கெல்லாம் ஒரு வயி சொல்லுங்க!"

துரைராஜ் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவி கத்தியதற்காக இல்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு நேர்மையான ஹெட் கிளார்க்கின் தலையில் இதைவிடப் பெரிய இடி விழ முடியாது. கட்டிய வீடு செல்லாது, வைத்த பெயர் செல்லாது, குடித்த காபி செல்லாது. கோட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். பல்லி ஒன்றும் சொல்லவில்லை.

"த சேர் ரூல்ஸ்..." என்றார். கனைத்துக்கொண்டு தமிழிலேயே சொன்னார். "தலைவர் தீர்ப்பு. திருமதி பார்வதி கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே இந்தச் சபைக்கு மெம்பர். அவங்க வழிமொழிஞ்சது எல்லாம் செல்லும். வாயே தொறக்காம இருந்ததும் செல்லும். ஆட்சேபணை உள்ளவங்க பேசலாம்."

ஆட்சேபணை உள்ள ஒரே ஆள் வேதகிரி. அவர் வாயில் உருண்டை இருந்தது.

"தீர்மானம் நிறைவேறியது!"

"மாத்து!" என்று லோகநாதன் போட்ட சத்தத்தில் டிராக்டர்காரன் பயந்து எஞ்சினையே நிறுத்திவிட்டான். தட்டுகள் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறின. கோமளவல்லியை அழைத்துவந்து மணையில் உட்காரவைத்து, மாமியார்க்காரி பொட்டு வைத்துப் பூச்சூட்டினாள். லோகநாதன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த மீசையைத் தடவிக்கொண்டார். பார்வதி தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

கடைசியாக நன்றியுரை. எல்லோருக்கும் பசி. துரைராஜ் எழுந்து நின்றார். இங்கிலீஷில் ஒரு பத்து நிமிஷம் இழுக்கப்போகிறார் என்று பார்வதி தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். அவர் பெண்ணைப் பார்த்தார். தலை நிறையப் பூவோடு குனிந்து உட்கார்ந்திருந்தாள் பெண்.

"ஐ விஷ் ஷி வேர் சிக்ஸ்" என்றார்.

அவ்வளவுதான். மேற்கொண்டு வரவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோமளவல்லி சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள்.

"இன்னாடி சொன்னாரு? திரும்பவும் சப்-கமிட்டியா?" என்று பதறினாள் பார்வதி.

"இல்லம்மா. நான் இன்னும் ஆறு வயசுப் பொண்ணாவே இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்ன்றாரு."

பார்வதி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அந்த இங்கிலீஷ், வேலை வாங்குவதற்கு அவர் கண்டுபிடித்த வழி என்றுதான் நினைத்திருந்தாள். நடக்காது என்று தெரிந்தும் ஒருத்தர் மனசில் வைத்துக்கொண்டிருக்கிற ஆசையையும் அதிலே சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. துரைராஜ் மூக்கை உறிஞ்சினார். கண்ணிலிருந்து இறங்கியது கோட்டின் மேல் சொட்டியது.

லோகநாதன் எழுந்தார். மேசைக்குப் போய் பூஜை மணியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, ஓடுகிற மில்லுக்கு நடுவில் பேசுகிற அதே குரலில், "யோவ் சம்பந்தி! அயுவாத! கோட்ட கயட்டு! மூஞ்சிய தொடை! எங்க பொண்ணு எங்க வூட்ல நல்லா இருக்கும். ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம அனுப்பி வெக்கிறேன். எலை போட்டாச்சு, வா, வந்து உக்காந்து சாப்டு!" என்றார்.

பார்வதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆர்டர் மாட்டுக்கு என்கிற பிரசங்கம் இப்போது ஆரம்பிக்கும், வந்த சம்பந்தம் வந்த வழியே போகும். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். துரைராஜ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். சின்னப் பிள்ளை மாதிரி லோகநாதன் பின்னாலேயே போய், அவர் காட்டிய இலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

பார்வதி கேசரித் தூக்கை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனாள். இலை வரிசையில் அவர் பக்கம் வந்ததும் குனிந்து கரண்டியை நீட்டினாள். துரைராஜ் உத்தரத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் காலியாக இருந்த இலையைக் கையால் தட்டினார்.

"பார்வதி, நீயும் இப்டி உக்காரு. சாப்டு" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளுக்குப் போட்ட முதல் ஆர்டர் அது. பார்வதி தூக்கை மகள் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.